கடைசியில் நின்று ‘வந்துச்சு’ என்றவர்

சேரப்பணஞ்சேரியில் ஒரு திருமண மண்டபத்தின் பின்புற அறையில், மணமக்களை வாழ்த்திப் பேசக் காத்திருந்த வேளையில் அந்தச் செய்தி எனக்கு வந்தது. கைப்பேசியில் ஏழுமலையின் குரல். ‘தலைவரே’ என்று தொடங்கினால் ஊர்ச்செய்தி முழுவதையும் கொட்டிய பிறகே மூச்சு விடுகிறவர் அவர். அன்று ஒரே தொடரோடு நின்றுவிட்டார்.

“தலைவரே, கோதண்டம் அண்ணன் பூட்டாரு.”

அந்தச் சாவுச் செய்தியைச் சுமந்துகொண்டே மேடைக்குப் போனேன்; மணமக்களை வாழ்த்தினேன்; இறங்கிவிட்டேன். நெடுநேரம் முழங்குவேன் என்று நம்பி அழைத்திருந்த பெண்வீட்டார், எனக்குத் தொண்டைக்கட்டு என்று எண்ணி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். அவர்களிடம் வேறு எதைச் சொல்வது?

அவரை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். திருப்பெரும்புதூர் தொடங்கிச் சிங்கப்பெருமாள் கோவில் வரை, தொழிற்சாலை வாயில்கள்தோறும் என் குரலைக் கேட்டவர்கள் பல்லாயிரவர். கோதண்டத்தின் குரலைக் கேட்டவர்களோ, ‘ஷிஃப்ட்’ என்று பிறர் சொல்லும் ஒரு பணிமுறைக்கு உட்பட்டவர்கள் மட்டுமே. ஆயினும் நான் சொன்னவற்றில் எவையெவை கேட்டவர் நெஞ்சில் சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னவை ஒவ்வொன்றும் சேர்ந்தன. சேர்ந்ததா என்று பார்க்காமல் அவர் ஓர் அடியும் நகர்ந்ததில்லை.

அவர் வடக்குப்பட்டுக்காரர், உழவர் குடியில் வந்தவர். அவர்கள் குடும்பத்து வயல்மீது இப்போது உதிரிப்பொருள் கிடங்கொன்று நிற்கிறது. அதைக் காட்டி அவர் பெருமூச்சு விட்டதை நான் கண்டதில்லை. “நெல்லு மட்டும் இன்னா, சும்மாவா வெளஞ்சிச்சு?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார். ஒரகடத்தில், மகிழுந்தின் கதவுகளையும் கூரைகளையும் இரும்புத்தகட்டிலிருந்து அழுத்தியெடுக்கும் ஒரு தொழிற்சாலையில் உதவியாளராகச் சேர்ந்து, பணிமுறை மேற்பார்வையாளராக உயர்ந்தவர். நானோ அதே தொழிற்சாலையின் வாயிலுக்கு வெளியே நின்று, அதன் நிருவாகத்தை எதிர்த்து முழங்கியவன். எங்கள் நட்பு பலருக்கு வியப்பாகவும் சிலருக்கு எரிச்சலாகவும் இருந்தது.

அந்த நட்பு ஒரு குறையிலிருந்து தொடங்கியது. வாயிற்கூட்டம் ஒன்றில் பேசி முடித்து நான் இறங்கியபோது, கூட்டத்தின் கடைசியில் தேநீர்க்கடையோரம் நின்றிருந்த ஒருவர் நீலச் சட்டையோடு நேரே என்னிடம் வந்தார். பாராட்டப்போகிறார் என்று கையை நீட்டினேன்.

“தலைவரே, பின்னாடி ஒண்ணும் வரல,” என்றார்.

“எது வரவில்லை?”

“நீங்க பேசினது. முன்னாடி நிக்கறவன் கை தட்டினான். அதப் பாத்து பின்னாடி நிக்கறவனும் தட்டினான். நானும்தான் தட்டினேன். இன்னாத்துக்குன்னு தெரியல.”

ஒலிபெருக்கிக்காரரைச் சுட்டிக்காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “அவரு வேலய அவரு பாத்தாரு. வந்துச்சான்னு நீங்க பாக்கலாம்ல?”

நீங்கள் நிருவாகத்தின் பக்கம் நிற்பவர், நான் பேசுவது உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன். “நான் அவங்க ஆளும் இல்ல, உங்க ஆளும் இல்ல. ஷிஃப்ட் ஆளு. ரெண்டு பக்கமும் இன்னா சொல்றாங்கன்னு தெரிஞ்சாதான் நாளைக்கு லைன் ஓட்ட முடியும்,” என்றார். அடுத்த கூட்டத்துக்கு, தேநீர்க்கடைக்கு அருகிலும் ஓர் ஒலிபெருக்கி வைத்தோம். அவர் அங்கே நின்று, கேட்கிறது என்று தலையை ஆட்டினார். கை தட்டவில்லை.

அவர் பெயரில் எனக்கொரு மனக்குறை இருந்தது. கோதண்டம் வடசொல்; வில் என்பது அதன் பொருள். வில்லவன் என்று தமிழில் எத்தனை எடுப்பான பெயர் இருக்கிறது! ஒருநாள் அப்பெயரால் அவரை அழைத்தேன். திரும்பவில்லை. மீண்டும் அழைத்தேன். யாரையோ அழைக்கிறேன் என்று எண்ணி அவரும் சுற்றிலும் பார்த்தார். விளக்கிச் சொன்னேன்.

“நல்லாத்தான் கீது தலைவரே. ஆனா அட்டெண்டன்ஸ்ல கோதண்டம், ஆஸ்பத்திரி கார்டுல கோதண்டம். நீங்க வில்லவன்னு கூப்பிடுவீங்க. மெஷின் சத்தத்துல எவனாவது வில்லன்னு கேட்டுகினு போய் வூட்டுல சொன்னா, என் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?”

அத்தோடு அந்தத் திருத்தத்தைக் கைவிட்டேன். சொல்கிறவன் வாயில் ஒரு சொல் எத்தனை அழகாக இருக்கிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கேட்கிறவன் காதில் அது என்னவாக விழுகிறது என்பது ஒன்றே அவர் கணக்கு.

அந்தக் கணக்கைக்கொண்டே அவர் தம் பணிமுறையை நடத்தினார். சப்பானியப் பொறியாளர்கள் அந்தத் தொழிற்சாலைக்குள் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். எந்த வேலையையும் தொடங்குமுன், பார்க்க வேண்டியதை விரலால் சுட்டி, கண்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூத்து என்று சொல்லிச் சிரித்தவர்கள் பலர்; மேலதிகாரி வரும்போது மட்டும் விரலை நீட்டியவர்கள் அதைவிடப் பலர். கோதண்டம் சிரிக்கவில்லை. அதைத் தமக்கேற்றபடி நீட்டிக்கொண்டார். ஒருவர் சொன்ன சொல்லை அடுத்தவர் மாற்றாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அது ஆள்மாற்றி ஆளாகப் போய்க் கடைசி ஆளைச் சேர்ந்ததும், அவர் உரத்த குரலில் ‘வந்துச்சு’ என்று சொல்ல வேண்டும். அதுவரை எந்தப் பொறியும் அசையக் கூடாது. “சொல்றது பாதி வேல. மீதி பாதி அந்தாண்ட கீது,” என்பார். கடைசி ஆளின் இடத்தில் பெரும்பாலும் அவரே நிற்பார்.

உங்களில் பலர் அவரோடு மலைக்குப் போனவர்கள். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கொருமுறை, ஒரு காரிக்கிழமை, அதாவது சனிக்கிழமை, பணி முடிந்ததும், சிற்றுந்தொன்றை அமர்த்திக்கொண்டு அவர் தம் ஆட்களை மேற்கே அழைத்துச் செல்வார். மலைமேல் இருந்த பழைய தோட்டமொன்றுக்கு நீர் கொண்டுபோக, வெள்ளைக்காரர் காலத்தில் மலைவிளிம்பைச் செதுக்கி வெட்டிய வாய்க்கால் அங்கே இருக்கிறது. தோட்டம் அழிந்து காடாகிவிட்டது. வாய்க்காலில் மட்டும் இன்றும் நீர் ஓடுகிறது. அதன் கரையே நடைதடம். ஒருபுறம் பாசியும் பெரணியும் படர்ந்த பாறை; மறுபுறம் மூங்கில் உச்சிகளுக்குக் கீழே, வெண்பனி மிதக்கும் பள்ளத்தாக்கு. நீர் அவ்வளவு தெளிவு. அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரிகூடத் தெரியும். மலை குறுக்கே நிற்கும் இடங்களில் வாய்க்கால் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. அந்தக் குடைவழிகளுக்குள் நாமும் போயாக வேண்டும். ஓர் ஆள் அகலம். நீரையொட்டி ஒரு பாத அகலத்தில் கல்விளிம்பு. சுவரெங்கும் உளியின் தழும்பு. கூரை ஓரிடத்தில் உயரும், அடுத்த அடியில் நெற்றிக்கு இறங்கும்.

“ஆறு நாளும் ஷெட்டுக்குள்ள. ஏழாவது நாளு பொந்துக்குள்ளயா அண்ணே?” என்று யாராவது ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள்.

“வெளிய வர்றதுக்குத்தான்பா உள்ள போறது,” என்பார்.

நான் அவர்களோடு போனது ஒரே ஒருமுறை. அந்தப் பயணத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டும்.

அதற்குச் சில திங்கள்முன் அந்தத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் நானும் ஒருவன். அந்நாளில் உள்ளே சென்று பணி செய்தவர்களை வாயிலில் நின்று ‘கருங்காலிகள்’ என்று அழைத்தேன். அந்தச் சொல்லை இன்றுவரை நான் திரும்பப் பெறவில்லை, பெறவும் மாட்டேன். போராட்டத்தை முறித்துக்கொண்டு உள்ளே போகிறவர்க்குத் தமிழில் அதுவே பெயர். ஆனால் வேலைநிறுத்தம் முடிந்தது. எல்லாரும் ஒரே கூரைக்குத் திரும்பினார்கள். அந்தச் சொல்லும் அவர்களோடு உள்ளே போய்விட்டது.

ஏழுமலை வெளியே நின்றவர். வேலு உள்ளே போனவர். வேலுவின் அக்காளைத்தான் ஏழுமலை மணந்திருக்கிறார். மனைவி பேறுகாலத்துக்காக மருத்துவமனையில் கிடந்தபோது வேலையை விட்டு நிற்க முடியவில்லை என்றார் வேலு. எங்கள் வீடுகளில் மட்டும் பெண்கள் பிள்ளை பெறவில்லையா என்றார் ஏழுமலை. அத்தோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டுப் பொங்கலுக்கு இருவரும் வந்தார்கள். ஒருவர் கூடத்தில் உண்டார், மற்றவர் பின்கட்டில் உண்டார்.

வீட்டில் பேசாதிருந்தால் சோறு ஆறும், அவ்வளவுதான். அழுத்தப்பொறியில் பேசாதிருந்தால் கை போகும். கோதண்டத்தின் பணிமுறையில் பெரிய பொறியின் அச்சை, அவர்கள் சொல்லும் ‘டை’யை, மாற்றுகிறவர்கள் இந்த இருவர். பளுதூக்கியின் பொத்தானை வேலு அழுத்துவார். அந்தரத்தில் தொங்கும் இரும்பு அச்சைக் கையால் பிடித்துத் தடத்தில் இறக்குகிறவர் ஏழுமலை. ‘கை வெளியவா?’ என்று ஒருவர் கேட்க வேண்டும். ‘வெளிய’ என்று மற்றவர் சொல்ல வேண்டும். அதன்பிறகே அச்சு இறங்கும். பேச்சு நின்றதிலிருந்து இருவரும் தலையசைப்பால் வேலையை ஓட்டினார்கள். ஒருநாள் ஏழுமலை வியர்வையைத் தோளில் துடைத்துக்கொள்ளத் தலையைச் சாய்த்தார். வேலுவுக்கு அது ‘வெளிய’ என்ற இசைவாகத் தோன்றியது. அச்சு இறங்கியது. கையுறை உள்ளே சிக்கிக்கொண்டது. கை மட்டும் வெளியே வந்தது.

அந்தக் கிழிந்த கையுறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோதண்டம் என் வீட்டுக்கு வந்தார். ஆளை மாற்றிவிடலாமே என்றேன்.

“மாத்தலாம். யார மாத்தறது? வேலுவ மாத்தினா சங்கம் சொல்லி மாத்தினாங்கம்பான். ஏழுமலைய மாத்தினா பழிவாங்கறாங்கன்னு நீங்களே நாளைக்கு கேட்ல நின்னு பேசுவீங்க.”

பேசியிருப்பேன். மறுக்கவில்லை.

“வர்ற திங்கக்கெழம புது வண்டிக்குப் பெரிய டை ஏத்தணும் தலைவரே. ஏழுமல கை உள்ள இருக்கும், வேலு விரல் பட்டன்ல இருக்கும். நடுவுல ஒரு வார்த்த இல்லன்னா நான் ஏத்த மாட்டேன். நான் ஏத்தலன்னா வேற ஒருத்தன வுட்டு ஏத்துவாங்க. அவனுக்கு இவங்க கத தெரியாது.” கையுறையை மேசைமேல் வைத்தார். “ஞாயித்துக்கெழம மலைக்குப் போறோம். ரெண்டு பேரும் வர்றானுங்க. நீங்களும் வரணும்.”

நான் எதற்கு என்றேன். “அந்த வார்த்தய வுட்டது நீங்கதான? அது எங்க போய் நிக்குதுன்னு பாக்க வேணாமா?” அது குற்றஞ்சாட்டும் குரலாக இல்லை. ஒலிபெருக்கி கேட்கவில்லை என்று சொன்னாரே, அதே குரல்.

பொழுது புலர்ந்த பின் வாய்க்கால் தடத்தில் இறங்கினோம். பன்னிருவர் இருந்தோம். எல்லார் தலையிலும் தொழிற்சாலையின் மஞ்சள் தலைக்கவசம். எனக்கும் ஒன்றை நீட்டினார். நெற்றியில் நிறுவனத்தின் முத்திரை பளிச்சிட்டது. எந்த நிருவாகத்தை எதிர்த்து நிற்கிறேனோ அதன் முத்திரையைத் தலையில் சூட மாட்டேன் என்றேன். “சரி,” என்று அவர் திரும்ப வாங்கிக்கொண்டது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

விதிகளைச் சொன்னார். முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் மட்டுமே விளக்கு. நடுவில் இருப்பவர்க்கு இரு கைகளும் சுவரைப் பற்றியிருக்க வேண்டும். கூரை தாழ்ந்தால் முதல் ஆள் ‘தலை’ என்பார். விளிம்பு உடைந்திருந்தால் ‘குழி’ என்பார். கேட்டதைக் கேட்டபடி பின்னால் அனுப்ப வேண்டும். கடைசியிலிருந்து ‘வந்துச்சு’ என்ற குரல் வராமல் முதல் ஆள் காலெடுக்கக் கூடாது. கடைசி ஆள் அவரே.

முதல் குடைவழி சிறியது. பாதி வழியில் எனக்கு முன்னால் நடந்தவர் “தல,” என்றார். இந்தப் பகுதியில் ஒருவரைத் தலைவர் என்று மதித்தால் ‘தல’ என்றும் அழைப்பார்கள். நாற்பதாண்டாக அவ்வாறு அழைக்கப்பட்டவன் நான். என்னைத்தான் அழைக்கிறார் என்று நிமிர்ந்து, “சொல்லுங்கள்,” என்றேன். பாறை சொல்லிற்று.

வெளியே வந்ததும் அனைவரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அந்த அளவுக்கு அவர்கள் துன்பப்பட்டு அடக்கிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அதே பணிமுறையில் வேலை செய்யும் சங்கரி என்ற பெண்தான் முதலில் உடைந்தார். “ஐயா, தலைன்னா குனியணும். நீங்க நிமிந்துட்டிய,” என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மலையே சிரித்தது. கோதண்டம் தம் பையைத் திறந்து இன்னொரு தலைக்கவசத்தை எடுத்தார். அதில் முத்திரை இருந்த இடத்தில் கறுப்பு ஒட்டுநாடா அழகாக ஒட்டப்பட்டிருந்தது. வீட்டிலேயே ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறார்.

“இதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே?”

“மொதல்லயே குடுத்திருந்தா, நாடாவுக்குக் கீழ இன்னா கீதுன்னு கேட்டிருப்பீங்க.”

அணிந்துகொண்டேன்.

மூன்றாவது குடைவழிதான் நீளமானது. உள்ளே வளைகிறது. நுழைந்த சிறிது தொலைவில் பின்னால் வாயின் வெளிச்சம் மறைந்துபோகும். முன்னால் வெளிச்சம் இன்னும் தோன்றியிருக்காது. நீரின் இரைச்சலும் எதிரொலியும் கலந்து, எந்தச் சொல்லும் அடுத்த ஆளைத் தாண்டித் தெளிவாகப் போகாது. அதன் வாயில் நிறுத்திக் கோதண்டம் வரிசையை மாற்றினார். முதலில் வேலு. அவருக்குப் பின்னால் ஏழுமலை. அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் சங்கரி. பிறகு மற்றவர்கள். கடைசியில் அவர். ஏழுமலை வேலுவின் முதுகைப் பார்த்தார், கோதண்டத்தைப் பார்த்தார், தலைக்கவசத்தின் வாரை இறுக்கினார்.

உள்ளே போனோம். வளைவில் விளிம்பு நீருக்குள் அமிழ்ந்திருந்தது; கணுக்காலுக்கு மேல் பனிபோன்ற நீர். வேலு நின்றார்.

“தல.”

ஏழுமலை திருப்பிச் சொல்லவில்லை. எனக்கு வேலுவின் குரல் மங்கலாகக் கேட்டது. ஆனால் எனக்கு முன்னால் நிற்பவர் சொல்லாமல் நான் சொல்லக் கூடாது. முன்னே போகலாம் என்று அவரவரே முடிவு செய்தால் அவரவர் தலை உடையும். பின்னாலிருந்து ‘வந்துச்சு’ என்ற குரல் வராததால் வேலு காலெடுக்கவில்லை. ஏழுமலை வாய் திறக்கவில்லை. மலையின் வயிற்றுக்குள், நீரில் கால் பதித்துப் பன்னிருவர் நின்றோம்.

கடைசியிலிருந்து கோதண்டத்தின் குரல் ஒரே சொல்லாக வந்தது: “வரல.”

சினம் இல்லை. மழை வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். மீண்டும் காத்திருந்தார். கால்கள் மரத்தன. பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. “யோவ் ஏழு, சொல்லித் தொலையா, காலு இருக்குதா இல்லயான்னே தெரியல.” “மாமன் மச்சான் சண்டய வூட்ல வச்சிக்கக் கூடாதா?” எனக்குள் சொற்பொழிவு ஒன்று திரண்டு நின்றது. உழைப்பவர் ஒற்றுமை என்று தொடங்கினால் அந்தக் குடைவழியே அதிர்ந்திருக்கும். தொண்டையைச் செருமினேன். அதற்குள் பின்னாலிருந்து வாய்வழியாக ஒரு செய்தி வந்து சேர்ந்தது. சங்கரி என் முதுகைத் தட்டினார்.

“ஐயா, நீங்க பேச வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ.”

பேசவில்லை. வாழ்நாளில் என் வாயை அடைத்தவர்கள் உண்டு, காவல்துறையும் அடைத்திருக்கிறது. நானாக இசைந்து அடைத்துக்கொண்டது அன்றுதான்.

“வரல,” என்றார் கோதண்டம் மறுபடியும்.

ஏழுமலை ஒரு நீண்ட மூச்சு விட்டார். என் பக்கமாகத் தலையைத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“அந்தக் கருங்காலி தலைன்றான்.”

கேட்டதைக் கேட்டபடி அனுப்ப வேண்டும். நான் பின்னால் திரும்பி, “அந்தக் கருங்காலி தலை என்கிறான்,” என்றேன்.

“அப்படியா சொன்னாவ?” என்றார் சங்கரி. “சொன்னது மாதிரியே சொல்லணும்லா?”

“அந்தக் கருங்காலி தலைன்றான்,” என்றேன். இலக்கணம் பிறழாத என் நாவுக்கு அது எளிதாக இருக்கவில்லை. சங்கரி சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்தவர் சொன்னார். ஒவ்வொரு வாயாக, ஓர் எழுத்தும் குறையாமல், என் சொல் இருட்டில் நடந்து போயிற்று. தொலைவில் அது கடைசி ஆளைச் சேர்ந்தது.

“வந்துச்சு,” என்றார் கோதண்டம்.

முன்னால் வேலுவின் கைவிளக்கு நடுங்கிற்று. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். குனிந்து பாறையைக் கடந்து, சில அடிகள் சென்றதும் அவர் குரல் வந்தது.

“குழி. மாமா ஒல்லி, உள்ள பூந்துடப் போறாரு.”

எத்தனையோ திங்களாக அவர் வாயில் வராதிருந்த ‘மாமா’ அது.

“குழி,” என்றார் ஏழுமலை என்னிடம். “மாமா ஒல்லி, உள்ள பூந்துடப் போறாருன்றான். அவங்க அக்கா ஆக்கிப் போடற சோத்துக்கு நான் வேற எப்டி இருப்பேன்னு சொல்லு.”

அத்தனையையும் நான் திருப்பிச் சொன்னேன். சங்கரியும் சொன்னார். இடையில் யாரோ சிரிப்பில் ஒரு சொல்லை விழுங்கிவிட, பின்னால் இருந்தவர் இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். முடிவில் கடைசிக் குரல் வந்தது.

“வந்துச்சு. கொஞ்சம் சுருக்கமா சண்ட போடுங்கபா. வெளிய சோறு கீது.”

வெளியே வந்தபோது பள்ளத்தாக்கில் பனி விலகியிருந்தது. வாய்க்கால் தொடங்கும் அருவிவரை அந்தப் பக்கத்து மலை முழுதும் வெயிலில் நின்றது. யாரும் யாரையும் தழுவிக்கொள்ளவில்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அமர்ந்தோம். மாமனும் மச்சானும் தள்ளித்தள்ளியே அமர்ந்தார்கள். ஊறுகாய் யாரிடம் இருக்கிறது என்பதில் ஒரு வாக்குவாதம் தொடங்கி, உண்டு முடியும்வரை நீண்டது. கோதண்டம் அதைக் கேட்டபடி காலை வெயிலில் நீட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நண்பகலில் அவர் என்னை அழைத்தார். பின்னணியில் உணவுக்கூடத்தின் தட்டோசை.

“ஏத்தியாச்சு தலைவரே.”

“பேசினார்களா?”

“பேசறதா? வாயாலயே அடிச்சிகினானுங்க. ‘கை வெளியவா மாமா’ன்றான் அவன். ‘வெளியதான்டா, கண்ணு அவிஞ்சா பூச்சு’ன்றான் இவன். ‘அவிஞ்சிதான் பூச்சு, நீ வாயால சொல்லு’ன்றான் அவன். டை உக்கார்ற வரைக்கும் நிறுத்தல.” மேலும் சொன்னார்: “சண்ட போடறவன் எதிராளி கையப் பாத்துகினே இருப்பான். மூஞ்சியத் திருப்பிகினவன்தான் பாக்க மாட்டான்.”

இணக்கம் வேண்டும் என்று மேடைதோறும் பேசியிருக்கிறேன். இணக்கம் வரும்வரை கைகள் என்ன ஆவது என்று நான் எண்ணியதில்லை. அவர் அதை மட்டுமே எண்ணினார். அந்த இருவரும் வேலைநிறுத்தத்தைப் பற்றி இன்றுவரை ஒத்த கருத்துக்கு வரவில்லை. ஏழுமலையின் பத்து விரல்களும் இருக்கின்றன.

சென்ற ஆண்டே அவர் உடல் தளர்ந்துவிட்டது. சிறுநீரகம் கைவிட்டது. மலையடிவாரம்வரை வந்து, சிற்றுந்திலேயே அமர்ந்திருந்ததாகச் சொன்னார்கள். மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். நலம் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “மைக் இல்லாமயே வந்துச்சு தலைவரே,” என்றார் கோதண்டம். “அடுத்த வார்டுக்கும் வந்திருக்கும்.” அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. சிரித்துக்கொண்டுதான் விடைபெற்றேன்.

வடக்குப்பட்டில் அவரை வழியனுப்பினோம். பணிமுறை முடிந்து சீருடையோடு வந்தவர்கள் தெருவை நிறைத்திருந்தார்கள். சுடுகாடு சென்று திரும்பிய பின், பந்தலின் ஓரத்தில் ஒரு சண்டை கேட்டது. குரல்களைக் கொண்டே யாரென்று தெரிந்தது.

“இந்த வருசம் மலைக்குப் போறமா இல்லயா?” என்றார் வேலு.

“போவாம? அண்ணன் இல்லன்னா மல இல்லன்னு ஆயிடுமா?”

“அப்ப கடைசில நான் நிக்கறேன்.”

“நீ நின்னா நாங்க உள்ளயே நிக்க வேண்டியதுதான். உனக்கு எது ஒழுங்கா வந்து சேந்துகீது?”

“நீ நிக்க வச்சியே மாமா, நட்டநடுவுல, ஊரே தண்ணில வெறச்சிகினு. அத மறந்துட்டியா?”

சங்கரி என்னைக் கண்டார். “ஐயா நிக்கட்டுமே,” என்றார்.

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எப்போதும் முன்னே நிறுத்தியே பழகிய ஆளைப் பின்னே நிறுத்தி அளந்து பார்க்கும் பார்வை அது. ஏழுமலை தலையைச் சொறிந்தார். “இவரா? இவரு ஒரு வார்த்தயோட நிறுத்துவாராம்மா?”

“நிறுத்துவேன்,” என்றேன்.

கோதண்டத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசி இடம். வரிசையில் எல்லாருக்கும் பின்னால் நின்று, முன்னே இருப்பவர் சொல்வது முழுதாக வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கும் பணி. வராவிட்டால் வரவில்லை என்பேன். எத்தனை நேரமானாலும் நிற்பேன். வந்துவிட்டால், ‘வந்தது’ என்றுதான் என் நா புரளும். அந்த இருட்டில் அந்தச் சொல் செல்லாது. ‘வந்துச்சு’ என்றே சொல்வேன்.